முடிவை மாற்றிச் சொன்னவள்

மைசூருத் தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு சினிமா வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். போன வாரம் அதில் ஒரு பழைய படத்தைப் பற்றி நான்கு வரி எழுதினேன். கதாநாயகி ஒரு முட்டாள், அவளை அப்படி ஆக்கிய டைரக்டர் அதைவிடப் பெரிய முட்டாள் என்பதுதான் அந்த நான்கு வரியின் சாரம். ஐந்தே நிமிடத்தில் ஒரு ரிடையர்டு இன்ஜினீயர் பதில் போட்டார். "அது காவியம் மேடம். எல்லாத்துக்கும் ஒரு அபிப்பிராயம் சொல்லியே ஆகணுமா?" கூடவே கைகூப்பும் பொம்மை வேறு. கும்பிட்டுக்கொண்டே வாயை மூடச் சொல்வதற்கென்றுதான் அந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தார்கள் போலிருக்கிறது.

என் மகனும் அவர் கட்சிதான். "அம்மா, கமெண்ட் எல்லாம் பேடாம்மா. சும்னே எதுக்கு வம்பு?" என்றான். அவன் பேசும் தமிழில் பாதி கன்னடம். வேண்டாம் என்பது அவன் வாயில் எப்போதும் பேடாதான், சும்மா என்பது சும்னேதான். நானும் அப்படித்தான் பேசுகிறேன் என்பதால் அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அபிப்பிராயம் சொல்லாதே என்றால் மட்டும் எனக்குப் பொறுக்காது. உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த மாதம் பார்த்த எல்லாப் படத்தைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன். பிடிக்காதவர்கள் கும்பிட்டுக்கொண்டே போகலாம்.

முதலில் மாலில் பார்த்த புதுப்படம். கதாநாயகன் மூன்று மணி நேரம் வெட்டுகிறார். நான் நடுவில் எழுந்து போய்ப் பாப்கார்ன் வரிசையில் நின்று, வாங்கி, பாத்ரூமுக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அதே ஆளைத்தான் வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுப்பட்ட அத்தனை பேரில் ஒருவனுக்குக்கூடவா வீட்டில் சோறு எடுத்து வைத்துக் காத்திருக்கும் மனுஷி இல்லை? சத்தமோ சத்தம். வெளியே வந்தபோது ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று கேட்டது எனக்கு இரண்டாம் முறைதான் கேட்டது.

அடுத்தது, அதே மாலில் சின்னத் தியேட்டரில். செத்துப்போன அப்பாவின் ஸ்கூட்டர் யாருக்கு என்று அண்ணன் தம்பி இருவரும் அடித்துக்கொள்ளும் கதை. பாட்டு இல்லை, கத்தி இல்லை. மொத்தம் ஒன்பது பேர் பார்த்தோம், அதில் இரண்டு பேர் ஏசிக்காக வந்தவர்கள். எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே குறை, கடைசியில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டாம். ஸ்கூட்டருக்காக அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். நான் எங்கள் சொந்தத்தில் பார்க்காததா?

பழைய படம் என்றால் எல்லாமே தங்கம் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களோடும் எனக்கு ஒத்துவராது. போனில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். புருஷனும் பெண்டாட்டியும் சமையலறையில் பேசிக்கொள்வதுகூட மைதானத்தில் கூட்டம் போட்டுப் பேசுவதுபோல இருந்தது. முதல் காட்சியிலேயே அம்மா இருமினாள். இடைவேளைக்குள் போய்விடுவாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, போய்விட்டாள். ஆனால் அதில் ஒரு வேலைக்காரி வருகிறாள். இரண்டே காட்சிதான். அவள் வந்து நின்றால் மற்றவர்கள் எல்லாரும் மரப்பாச்சிதான். அந்தம்மாவுக்கு டைட்டிலில் பெயர்கூடப் போடவில்லை.

மாலில் ஒரு வாசனை அடிக்கும், சர்க்கரையைக் கருக்கினாற்போல. எனக்கு அது குமட்டும். தியேட்டர் என்றால் எனக்கு வேகவைத்த வேர்க்கடலை வாசனை, அதோடு மைசூரு மல்லிகை. மத்தியான வெயிலில் வாடிய மல்லிகை இல்லை, காலையில் பறித்து அப்போதுதான் தலையில் வைத்தது. ஏனென்றால் அப்போது எங்களுக்குத் தமிழ்ப் படம் என்பதே ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிதான். மற்றக் காட்சிகளெல்லாம் கன்னடத்துக்கும் இந்திக்கும். தமிழ் பத்தரை மணிக்கு வந்து ஒன்றரைக்குக் கிளம்பிவிட வேண்டும். அதுவும் கொள்ளேகாலம் பக்கம் ஓடி முடித்த படப்பெட்டிதான் எங்களுக்கு வரும். காவிரியில் தண்ணீர்ச் சண்டை வந்துவிட்டால் பெட்டி தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். அந்த மாதம் சினிமா கிடையாது.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அப்பா ரயில்வே என்பதால் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எங்கள் வரிசையில் ஏழு வீடு, ஏழும் தமிழ். அந்த ஏழு வீட்டுப் பெண்களில் தனியாகத் தியேட்டருக்குப் போய் வர முடிந்தவள் நான் ஒருத்திதான். சம்பளம் வாங்கும் பெண் என்பதால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். மற்றவர்களுக்கு ஞாயிறு காலை என்றால் அடுப்படி. ஆகவே எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. ஏழு வீட்டுக்கும் சேர்த்து நான் படம் பார்த்துவிட்டு வருவேன். மூன்று மணிக்கு எல்லாரும் சரோஜாக்கா வீட்டில் கூடுவார்கள், அந்த வீட்டில்தான் ஃபேன் இருந்தது. ஆளுக்கொரு முறத்தில் அரிசியோடு உட்கார்ந்து கல் பொறுக்குவார்கள். நான் படத்தைச் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. பாட்டு வரும் இடத்தில் இரண்டு வரியாவது பாடியாக வேண்டும். முடிவை முன்னாலேயே யாரும் கேட்கக்கூடாது. கதாநாயகி என்ன புடவை கட்டியிருந்தாள் என்பதைக் காட்சிக்குக் காட்சி சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் நிறம் கேட்பார்கள். நானும் சளைக்காமல், "மயில்கழுத்துப் பச்ச, அரக்குக் கரை" என்று அடித்துவிடுவேன். தடை ஒன்றே ஒன்றுதான். நடுவில் நான் ஏதாவது கருத்துச் சொல்ல ஆரம்பித்தால் சரோஜாக்கா கையை உயர்த்திவிடுவார். "கதைய மட்டும் சொல்லுடி. உன் அபிப்பிராயத்த எல்லாம் எக்ஸ்சேஞ்சுல வெச்சுக்கோ." பதிலுக்குக் காபியும் கோடுபளேயும் கிடைக்கும். கோடுபளேக்காக நான் எதையும் பொறுத்துக்கொள்வேன். வளையல் மாதிரி இருக்கும், கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும்.

அந்த வருஷம்தான் சரோஜாக்காவின் நாத்தனார் வனஜா வந்து சேர்ந்தாள். கொள்ளேகாலம் பக்கம் கௌதள்ளியில் நல்ல விவசாயக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒன்றரை வருஷத்தில் ஒரு தகரப்பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இடது காது சரியாகக் கேட்காது. ஏன் என்று வரிசையில் யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்துதான் இருந்தது. படக்கதை கேட்கும்போது வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள். அவள் பங்கு அரிசியில் கல்லே மிஞ்சாது.

சரோஜாக்காவையும் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டே அறை. அதில் புருஷன், மாமியார், மூன்று குழந்தைகள். நாத்தனார் நிரந்தரமாகத் தங்கிவிடுவாளோ என்ற பயம் அவருக்கு. வனஜாவின் அண்ணனோ வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டவர்போல எதற்கும் பேச மாட்டார். வியாழக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து அழைத்துப்போவதாக முடிவாகிவிட்டது. வனஜாவை யாரும் கேட்கவில்லை.

அதற்கு முந்தின ஞாயிறு நான் கிளம்பும்போது சரோஜாக்கா என்னை நிறுத்தினார். "இன்னிக்கு வந்திருக்கறது நல்ல படமாம். குடும்பப் பொண்ணுங்க எல்லாம் பாக்கணும்னு சேலத்துலேர்ந்து எங்கம்மா லெட்டர் போட்டிருக்கா. வனஜா காதுல விழற மாதிரி விவரமா சொல்லு" என்றார்.

பார்த்தேன். கணவன் அடிக்கிறான், மனைவி பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அதற்குப் பிறகு படம் முழுக்க எல்லாரும் அவளுக்குப் புத்தி சொல்கிறார்கள். அப்பா, அம்மா, அக்கா, கோயில் குருக்கள், கடைசியில் பால்காரன்கூட. அடித்தவனுக்கு ஒரே ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னால் படம் அரை மணியில் முடிந்திருக்கும். கிளைமாக்ஸில் மழை. அவள் நனைந்துகொண்டே ஓடிப்போய் அவன் காலில் விழுகிறாள். அவன் பெரிய மனசு பண்ணித் தூக்கி நிறுத்துகிறான். கோயில் மணி அடிக்கிறது. பெண்கள் வரிசையில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விசும்பல். எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடைதான் வலித்தது.

மூன்று மணிக்கு முறங்கள் வந்தன. நான் முறைப்படி ஆரம்பித்தேன். பாட்டெல்லாம் பாடினேன், புடவையெல்லாம் சொன்னேன். புத்தி சொல்லும் காட்சிகளையும் விடாமல் சொன்னேன், சரோஜாக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். முடிவுக்கு வந்தபோது வனஜாவைப் பார்த்தேன். அவள் தலை குனிந்து அரிசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எனக்குள் என்ன புகுந்ததோ, வாயில் வேறு கதை வந்துவிட்டது.

"புருஷன் அவளத் தேடிண்டு வீட்டுக்கே வரான். அவ கோவமே படல. உக்காரச் சொல்லி காபி குடுக்கறா. 'காபி ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க. நான் வரல' அப்படிங்கறா. அவ்ளோதான். படம் முடிஞ்சுது" என்றேன். எதிரில் என் காபி இருந்தது, அதனால் காபி வந்தது. மோர் இருந்திருந்தால் மோர் கொடுத்திருப்பாள்.

முறங்கள் எல்லாம் நின்றுவிட்டன. "கிளைமாக்ஸ்ல மழை இருக்கணுமே?" என்று ரயில்வே கார்டு வீட்டு மாமி சந்தேகமாகக் கேட்டார். "மழை இருந்துது மாமி. அவதான் குடை குடுத்து அனுப்பிச்சா" என்றேன். "இதுவா குடும்பப் படம்? எங்கம்மாவுக்குப் புத்தி பிசகிடுத்தா?" என்று சரோஜாக்கா எழுந்து உள்ளே போனார். வனஜா முறத்தை இரண்டு தட்டுத் தட்டி அரிசியை டப்பாவில் கொட்டினாள்.

வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். மூன்று மணிக்குத் திரும்பினால் சரோஜாக்கா வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு பெரியப்பா. நான் சும்மா போவேனா, சர்க்கரை கேட்கும் சாக்கில் ஒரு கிண்ணத்தோடு நிலைப்படியில் நின்றேன். மாமியார்க்காரி அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏனுங் தம்பி, குடும்பம்னா நாலும் இருக்கறதுதானுங்க. புள்ளய அனுப்பி வெய்யுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க." மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வனஜா உள்ளேயிருந்து தட்டில் காபியோடு வந்தாள். எல்லாருக்கும் கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கடைசியில் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காபி ஆறுது. குடிச்சிட்டுக் கிளம்புங்க. நான் வரல."

நான் எழுதிய வசனம். ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறாள். ஐயோ, இது சினிமாவில்கூட இல்லையே பெண்ணே, நான் சும்மா சொன்னதடி என்று கத்த வேண்டும்போல இருந்தது. பெரியப்பா எழுந்து சத்தம் போட்டார். சரோஜாக்கா அழுதார். அப்போதுதான் அந்த அண்ணன், ஜென்மத்தில் முதல் தடவையாக, "அவதான் வரலேங்கறாளே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். மாப்பிள்ளை காபியைத் தொடாமல் வெளியே போனார். மாமியார்க்காரி மட்டும் தன் டம்ளரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். பாவம், அத்தனை தூரம் பஸ்ஸில் வந்தவர்.

இரண்டு மாதம் கழித்து சரோஜாக்கா சேலத்துக்குப் போனார். அங்கே அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்த அன்றே என் வாசலில் நின்றார், பையைக்கூட உள்ளே வைக்கவில்லை.

"அவ கால்ல விழறாடி! மழைல ஓடிப்போய் விழறா! நீ என்ன சொன்ன எங்ககிட்ட?"

"எனக்கு முடிவு பிடிக்கல. மாத்தினேன்."

"ஒரு பொண்ணோட வாழ்க்கை உனக்கு விளையாட்டா? ஒரு குடும்பத்தயே கெடுத்துட்டியே. பொய் சொல்லிட்டியே!"

கல்யாணம் பண்ணிவைக்க ஆயிரம் பொய் சொல்லலாம் என்று ஊரே ஒப்புக்கொண்டிருக்கிறது. நான் சொன்னது ஒன்றே ஒன்று. அதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அன்றோடு என்னிடம் படம் கேட்பது நின்றது. அதற்குப் பிறகு கார்டு வீட்டு மாமி, மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போய்ப் படம் பார்த்து வந்து சொன்னார். உள்ளது உள்ளபடி சொல்வார். ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன். ஒரு கொலையை, கரண்ட் பில் படிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வீம்பாகத்தான் இருந்தேன். உள்ளே அப்படி இல்லை. வனஜாவுக்கு அடுத்த மூன்று நான்கு வருஷம் கஷ்டகாலம். அந்த இரண்டு அறையில் தினமும் பேச்சுக் கேட்டுக்கொண்டே டைப்ரைட்டிங் படித்தாள். ஒரு நர்சிங் ஹோமில் கவுண்ட்டர் வேலை கிடைத்தது. பிறகு தனி வீடு. பிறகு, அதே நர்சிங் ஹோமில் லேபில் இருந்த ஒரு நல்ல மனிதரைக் கட்டிக்கொண்டாள், ஒரு பெண் பிறந்தாள். எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு முறை அவள் முகம் வாடியபோதும் எனக்குத் திக்கென்றிருக்கும். இல்லாத ஒரு படத்தை நம்பி இறங்கிவிட்டாளே என்று. அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. சரோஜாக்காவும், நாத்தனாரிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை டிவியில் போட்டார்கள். நான் பதறிப்போய் வனஜாவைச் சாமுண்டி மலைக்கு இழுத்துக்கொண்டு போனேன், அதுவும் படி ஏறி. ஆயிரம் படி. முட்டி ஒரு வாரம் வலித்தது.

போன வாரம் வனஜா கூப்பிட்டாள். "அக்கா, மக டிவில ஏதோ கனெக்ஷன் குடுத்திருக்கா. எல்லாப் பழைய படமும் வருது. வா, பாக்கலாம்." போனேன். போட்டாள். எந்தப் படம் என்று உங்களுக்கே தெரியும்.

குருக்கள் புத்தி சொல்லும் இடத்தில் எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. மழை வந்தது. "வனஜா, காபி போடலாமா?" என்று எழுந்தேன்.

"சும்னே உக்காருக்கா" என்றாள்.

உட்கார்ந்தேன். கதாநாயகி ஓடினாள், விழுந்தாள். மணி அடித்தது. வனஜா ரிமோட்டை அமுக்கினாள்.

"இத நான் கொள்ளேகாலத்துலயே பாத்துட்டேன்க்கா. அண்ணன் வீட்டுக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி. அவருதான் கூட்டிட்டுப் போனாரு. வெளில வரும்போது, 'பாத்துக்கிட்டயா?'ன்னு ஒரே வார்த்த கேட்டாரு."

எனக்குப் புரிய நேரமாயிற்று. "அப்ப நான் அன்னிக்குச் சொன்னது..."

"பொய்யின்னு தெரியும். எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டு கேட்டாங்க. இது படத்துல இல்ல, இந்த அக்கா இங்கியே உக்காந்து எனக்காகக் கத கட்டுதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். அம்மா, அண்ணன், அந்த ஊரு, இந்த ஊரு, எல்லாரும் எனக்கு நெசத்தத்தான் சொன்னாங்க. எனக்காகப் பொய் சொல்ல ஒருத்தி இருக்கான்னு அன்னிக்குத்தான்க்கா தெரிஞ்சுது."

பிறகு அவளே எழுந்து போய்க் காபி போட்டாள். மலைக்கு எதற்குக் கூட்டிப்போனேன் என்பதும் தெரியுமாம். சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் ஒரு குற்றத்தைச் சுமந்தேன். சுமந்த குற்றத்துக்குள்ளேயே கொஞ்சம் பெருமையும் ஒளித்து வைத்திருந்தேன், நான்தானே அவளைக் காப்பாற்றினேன் என்று. ஒரே நிமிடத்தில் இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். முடிவு அவள் எடுத்தது. நான் வசனம் மட்டும்தான். வீட்டுக்கு வந்து அழுதேன், பிறகு போனை எடுத்து அந்த நான்கு வரியைக் குழுவில் போட்டேன். காவியமாம்.

அந்தத் தியேட்டரை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். ஞாயிறு காலைக் காட்சி என்று ஒன்று இருந்ததே இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. சென்னையில் வெளியாகும் நாளிலேயே இங்கேயும் வந்துவிடுகிறது, ஒரு நாளைக்கு ஐந்து காட்சி. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை பூட்டிக் கிடக்கிறது. சரோஜாக்கா இல்லை, கார்டு வீட்டு மாமி இல்லை, அந்த அண்ணனும் போய்விட்டார். அரிசி கல் பொறுக்கிச் சுத்தமாகப் பையில் வருகிறது. படத்தை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அவரவர் கையில் அவரவர் படம், முடிவு உள்பட. தனக்கென்று வேறு முடிவு வேண்டியிருப்பவள் இன்றைக்கும் எங்கேயாவது ஒரு வீட்டில் தலை குனிந்து உட்கார்ந்துதான் இருப்பாள். அவள் எதிரில் உட்கார்ந்து துணிந்து பொய் சொல்லத்தான் இப்போது ஆள் இல்லை. என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டால் இன்றைக்கும் மாற்றித்தான் சொல்வேன்.